விளையாட்டும் ஓர் உத்தியோகமா?

உத்தியோகம் என்றதும் மேசையும் நாற்காலியும், மாத முடிவிற் சம்பளமும், முதுமையிற் பென்ஷனுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. மரத்தடியிற் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டுப் பாடுவதையும், ஏரியிலே தோணி வலிக்கப் பழக்குவதையும் உத்தியோகம் என்று சொன்னால் வீட்டிலுள்ள பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆயினும், அத்தகைய வேலையிற் பதினாறு பதினேழு வயதிற் புகுந்து, தலை நரைக்கும் வரை அதிலேயே நிலைத்து, அதனாற் குடும்பத்தையும் நடத்திச் சமூகத்தில் மதிப்பும் பெற்றோர் அமெரிக்காவில் உளர். அங்குள்ள யூத மக்கள் தம் பிள்ளைகளுக்காக நடத்தும் கோடைகால முகாம்களைப் பற்றியும், அவற்றிற் பணிபுரிவோரைப் பற்றியுமே இவ்வாரம் எழுத எண்ணுகிறோம்.

முகாம் என்ற சொல் எம்மவர் காதுக்கு இனியதன்று. படை முகாமும் அகதி முகாமுமே முதலில் நினைவுக்கு வரும். யூத மக்களுக்கோ அச்சொல் இன்னும் கொடியது. எனினும், அதே சொல்லை அம்மக்கள் தம் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கும் வைத்திருக்கிறார்கள். "முகாமுக்குப் போகிறேன்" என்று ஓர் அமெரிக்க யூதச் சிறுவன் சொன்னால், பைன் மரக் காடு, ஏரிக் கரை, மரப் பலகைக் குடில்கள், இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு என்றே பொருள். ஜூன் மாதக் கடைசியில் வீட்டை விட்டுச் செல்பவன் இரண்டு வாரமும் தங்குவான். எட்டு வாரமும் தங்குவான்.

அந்நாட்டின் யூத இல்லங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் பனி உருகும் காலத்தில் ஒரு சிறு வழக்கு நடைபெறும். பெயர் எதுவும் வேண்டாம். சிக்காகோ நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சர்வகலாசாலையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளின் கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, நகரத்துக் காரியாலயமொன்றில் விடுமுறைப் பயிற்சிக்கு வருமாறு அழைப்பது. மற்றையது, அவள் பத்து வயது முதல் ஒரு கோடையும் தவறாது சென்று வந்த முகாமிலிருந்து வந்தது. "இவ்வருடம் ஒரு பிரிவுக்குத் தலைவியாக வா" என்கிறது அது. தாய் முதற் கடிதத்தின் பக்கம். "எத்தனை வருடந்தான் பிள்ளைகளோடு பிள்ளையாய்ப் பாடிக்கொண்டிருப்பாய்? உன்னோடு படிப்பவர்களெல்லாம் முன்னுக்குப் போய்விடுவார்களே!" என்று அவள் கேட்கிறாள். வைத்தியர், எஞ்சினியர், அப்புக்காத்து என்ற மூன்றையும் தாண்டி ஒரு பிழைப்பு உண்டென்று நம்ப மறுப்பதில் யூதத் தாய்மாருக்கும் யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கும் அதிக வேற்றுமை இல்லைப் போலும்.

இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுமுன் முகாம்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நியூயோர்க் நகருக்கு வடக்கே கோல்ட் ஸ்பிரிங் என்னும் ஊரருகே 1902 ஆம் ஆண்டில் சர்ப்பிரைஸ் லேக் என்ற முகாம் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து, காற்றோட்டமற்ற நெருக்கமான மாடி வீடுகளிற் குடியிருந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சில நாளாவது நல்ல காற்றும் வயிறார உணவும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் நகைச்சுவை நடிகராய்ப் பெயர் பெற்ற எடி கான்டர் அங்கு சென்ற ஏழைச் சிறுவருள் ஒருவர். வசதி பெற்ற யூதர்களும் பின்னர்த் தமக்கெனத் தனி முகாம்களை அமைத்தனர். யூதப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையுடைய முகாம்கள் அக்காலத்திற் பல இருந்தமையும் அதற்கு ஒரு காரணம்.

காற்றும் உணவும் கொடுத்தவர்கள் அடுத்துக் கல்வியையும் கொடுக்க எண்ணினர். 1941 இல் தொடங்கிய மஸாட் முகாமில் காலை முதல் இரவு வரை எபிரேய மொழியிலேயே பேச வேண்டும் என்று விதித்தார்கள். பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறிபவனுக்கும் மட்டை பிடிப்பவனுக்கும் கூட எபிரேயச் சொல் தேடி அகராதி தொகுத்தார்கள். கலைச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட எம் அறிஞர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. அம்முகாமை உருவாக்கிய ஷ்லோமோ ஷுல்சிங்கர் தம் மனைவியாரோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் அதையே தம் வாழ்வாக்கினார். 1947 இல் விஸ்கொன்சின் மாநிலத்துக் கொனோவர் என்னுமிடத்தில் முதலாவது ராமா முகாம் தோன்றியது. சீர்திருத்த யூதர்கள் அதே மாநிலத்தில் 1952 இல் தம் முகாமைத் தொடங்கினார்கள். இவ்வாண்டுகளைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டு, பழைய கல்விக் கூடங்களும் அழிந்தொழிந்த பின், மிஞ்சிய பொறுப்பு அமெரிக்காவிலுள்ளோரின் தலையில் விழுந்தது. வாரத்திற் சில மணி நேரம் வேண்டா வெறுப்பாகச் செல்லும் சமய வகுப்புக்களால் அப்பொறுப்பு நிறைவேறாது என்று கண்டார்கள். இரவும் பகலும் பிள்ளை நம்மோடிருந்தால் ஒருவேளை நிறைவேறலாம் என்று நம்பினார்கள்.

இரவும் பகலும் பிள்ளையோடிருப்பவர் யார்? பேராசிரியருமல்லர், சமய குருவுமல்லர். பதினெட்டும் இருபதும் வயதான இளைஞரும் யுவதியருமே. அவர்களை எபிரேயத்தில் மத்ரிக் என்றும், பெண்ணாயின் மத்ரிகா என்றும் அழைப்பர். பாதை என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வழிகாட்டி என்ற எமது சொல்லும் அதுவும் உடன்பிறந்தவை போல இருக்கின்றன.

அமெரிக்க முகாம் சங்கத்தின் நியமப்படி, தங்கியிருக்கும் முகாமில் ஒன்பது முதல் பதினான்கு வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். ஆறு முதல் எட்டு வயதினராயின் ஆறு பேருக்கு ஒருவர். அந்த எட்டுப் பேரின் பல் துலக்கல் முதல் மனக் கவலை வரை சகலமும் அவர் பொறுப்பு. காலையிற் குடிலைக் கூட்டித் துப்புரவாக்குவதில் குடிலுக்குக் குடில் போட்டி நடைபெறும். பின்னர் உணவு மண்டபம். அதனை ஹதர் ஓகெல் என்பர். இறைச்சிக்கு ஒரு வகைத் தட்டு, பாலுணவுக்கு வேறு வகைத் தட்டு. சமையற்கட்டும் அவ்வாறே பிரிந்திருக்கும். சமய விதிகள் வழுவாது சமைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் அங்கு இருப்பார். உணவு முடிந்ததும் மேசையைத் தட்டிப் பாடும் பாட்டு, கூரையைப் பெயர்த்துவிடும் போலிருக்கும். நோயாளர் அறைக்குரிய எபிரேயச் சொல்லைப் பிள்ளைகள் "மார்ப்" என்று குறுக்கி, ஆங்கில வாக்கியத்தின் நடுவே செருகிப் பேசுவார்கள். இக்கலப்பு மொழியை ஆராய்ந்து அறிஞர் மூவர் 2020 இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கின்றனர்.

ஏரிக்கரைதான் நெஞ்சு பதைக்கும் இடம். நீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடிப் பிள்ளை உண்டு. ஊதல் கேட்ட மாத்திரத்தில் இருவரும் கை கோத்து உயர்த்தி அசையாது நிற்றல் வேண்டும். கரையில் நிற்பவர் எண்ணுவார். கணக்கு ஒன்று குறைந்தாலும் அந்தக் கணமே எல்லோரும் கரையேற வேண்டும். பெரும்பாலும் ஒரு பையன் சொல்லாமற் கழிப்பறைக்குப் போயிருப்பான். ஆனால் அவன் கண்டுபிடிக்கப்படும் வரை செல்லும் அந்த இரண்டு நிமிடத்தில், இருபது வயதுடைய ஒருவனின் முகம் நாற்பது வயதுடையவனின் முகமாகிவிடும். நகரத்துக் காரியாலயத்திலே கடதாசிப் பிரதி எடுக்கும் பயிற்சியாளனுக்கு இப்படியொரு பொறுப்பை எவராவது கொடுப்பார்களா என்று நாம் கேட்கிறோம்.

இரவு வேறு விதமான சோதனை. பகலெல்லாம் துள்ளித் திரிந்த பிள்ளை விளக்கணைந்த பின் தலையணையில் முகம் புதைத்து அழும். "அம்மாவிடம் போக வேண்டும்." பெரும்பாலான முகாம்களிற் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி இல்லை, கடிதம் எழுதுவதே வழக்கம். வழிகாட்டி அப்பிள்ளையின் கட்டிலருகே இருந்து, நாளை என்ன விளையாட்டு என்று மெல்லிய குரலிற் பேசிக்கொண்டே இருப்பாள். படுக்கையை நனைத்த பிள்ளையின் விரிப்பை மற்றவர்கள் விழிக்குமுன் மாற்றிவைத்து, ஒன்றும் நடவாததுபோல் நடப்பாள். இதற்குச் சர்வகலாசாலையிற் பட்டம் இல்லை. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு பிறர் கண்ணுக்கு மறைவாகத் தனித்திருக்கலாகாது என்ற விதியையும் அவள் மறத்தலாகாது. முன்னாளில் இவ்விஷயத்திற் காட்டிய அசட்டையினால் விளைந்த தீங்குகள் பல துறைகளிலும் வெளிப்பட்ட பின், பணியாளரின் பூர்வோத்தரங்களை விசாரிப்பதும் பயிற்றுவதும் இக்காலத்திற் கண்டிப்பாகியிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை மாலையானால் முகாமின் முகமே மாறும். எல்லோரும் குளித்துப் பலர் வெள்ளாடை உடுத்தி ஏரிக்கரையில் நின்று ஓய்வுநாளை வரவேற்பார்கள். சனி இரவு பின்னல் மெழுகுதிரி ஏற்றி, வாசனைப் பொருளை முகர்ந்து, திராட்ச இரசத்தில் அச்சுடரை அணைத்து வழியனுப்புவார்கள். கோடையின் நடுவே ஒரு துக்க நாளும் வரும். எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்ததை நினைந்து நோன்பிருக்கும் நாள் அது. அன்றிரவு நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்து, சிறு வெளிச்சத்திற் புலம்பல் ஆகமத்தைப் படிப்பார்கள். பந்தாட்டத்திற்கும் பாட்டிற்கும் இடையே இப்படியொரு இரவைப் பிள்ளைகள் மனத்திற் பதியுமாறு நடத்துவது எளிதன்று. அதை நடத்துபவளும் முந்தாநாள் வரை பிள்ளையாக இருந்தவளே.

இவ்வேலையில் ஏறிச் செல்லும் படிகள் ஒழுங்காக அமைந்துள்ளன. முதலிற் பிள்ளையாய் வருவான். பதினாறு பதினேழு வயதிற் பயிலுநன் ஆவான். அவ்வருடம் அவன் வேலை செய்தும் பெற்றார் பணம் கட்டும் விசித்திரம் பல முகாம்களில் உண்டு. பின்பு வழிகாட்டி, பின்பு ஒரு பிரிவின் தலைவன், பின்பு நிகழ்ச்சிகளுக்கு அதிபதி. அதுவரை எல்லாம் கோடைக்கால வேலையே. அதற்குமேல் துணைப் பணிப்பாளர், பணிப்பாளர் என்பன ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் பதவிகள். மோசேயின் மாமனாராகிய எத்திரோ, எல்லாச் சுமையையும் நீயே சுமவாதே, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பதின்மருக்கும் பதின்மருக்கும் தலைவரை ஏற்படுத்து என்று மருமகனுக்குப் புத்தி சொன்ன கதை வேதாகமத்தில் உண்டு. முகாமின் நிர்வாகம் அக்கதையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. துணைப் பணிப்பாளருக்கு நடத்தப்படும் பயிற்சியொன்றுக்கு அம்மாமனாரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனிக் கசப்பான சங்கதிக்கு வருவோம். வழிகாட்டிக்குக் கிடைக்கும் பணம் சொற்பம். உணவும் உறைவிடமும் இனாம் என்பது உண்மைதான். ஆனால், கோடை முழுவதற்கும் கொடுக்கும் தொகையை அவன் விழித்திருக்கும் மணிகளாற் பிரித்தால், கடையிற் பொதி கட்டும் பையனின் கூலிக்கும் எட்டாது. சட்டமும் துணைக்கு வராது. குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் அமெரிக்கச் சட்டத்தில், ஆண்டுக்கு 7 மாதத்துக்கு மேல் நடைபெறாத முகாம்களுக்கு விலக்கு இருக்கிறது. சில மாநிலங்கள் மாத்திரம் தமக்கென வேறு விதி வைத்திருக்கின்றன. பிள்ளையை அனுப்பும் பெற்றாரோ வாரத்துக்கு ஆயிரம் டொலரளவிலும் அதற்கு மேலும் கட்டுகிறார்கள். அப்பணம் காப்புறுதிக்கும் கட்டிடத்துக்கும் உணவுக்கும் போகிறது என்று நிர்வாகிகள் கணக்குக் காட்டுவர். கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆயினும், "உங்களாலேதான் எங்கள் சமூகம் வாழ்கிறது" என்று மேடையிற் புகழ்ந்துவிட்டு, கையில் வழிச்செலவுக்கும் போதாத காசை வைப்பது எமக்கு உவப்பாயில்லை. ஏழை வீட்டு மாணவன் கல்லூரிக் கட்டணத்துக்கு உழைக்க வேண்டியவன்; அவனுக்கு இவ்வேலை எட்டாக் கனியாகிவிடுகிறது. ஏழைச் சிறுவருக்கென்று ஆரம்பித்த ஒரு காரியம் இங்கே வந்து நிற்பதைக் காண வருத்தமே.

இதனை உணர்ந்தவர்களும் அச்சமூகத்தில் இருந்தார்கள். பில்ட்னர் என்னும் தம்பதிகள் 1998 இல் யூத முகாம்களுக்கென ஒரு நிதியத்தை நிறுவினார்கள். இன்று அதனோடு தொடர்புடைய தங்கு முகாம்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை. மீண்டும் மீண்டும் வரும் மூத்த வழிகாட்டிகளைத் தெரிந்தெடுத்து, உதவித் தொகையும் பயிற்சியும் கொடுக்கும் திட்டமொன்றை அந்நிதியம் 2003 இல் ஆரம்பித்தது. "மூலைக்கல்" என்பது அதன் பெயர். கோடையில் எங்கும் வேறிடத்துக்குப் போய்விடாமல் ஓராண்டேனும் கூடுதலாக அவர்களை நிறுத்திவைப்பதே அதன் உள்நோக்கம். பணிப்பாளருக்கும் தனிப் பயிற்சி உண்டு. பக்தியினால் மாத்திரம் ஒரு தொழில் நிலைக்காது. படியும் பயிற்சியும் சம்பளமும் வேண்டும் என்பதை ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

ஆனாலும் கணக்கு ஒன்று உதைக்கிறது. கோடையில் நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் முகாமில், ஆண்டு முழுவதும் சம்பளம் பெறுவோர் ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்கவரே. எனவே பலருக்கு இது தொழிலாக முடியாது. அவர்களுட் சிலர் ஆசிரியராவர், சிலர் சமூக சேவையாளராவர், சிலர் சமய குருமாராவர். பாடசாலையொன்றின் வேலைக்கு நேர்முகம் காணச் சென்றவனிடம், பன்னிரண்டு பிள்ளைகளை மழைநாள் முழுவதும் அறைக்குள் சண்டையின்றி வைத்திருந்த அனுபவம் உண்டா என்று கேட்டால், அவன் ஆம் என்பான். அதுவும் ஒரு பட்டமே.

ராமா முகாம்களில் இன்னொரு விசேஷம் உண்டு. 1970 இல் ஹெர்பர்ட், பார்பரா கிரீன்பர்க் என்ற ஆசிரியத் தம்பதிகள், அறிவு வளர்ச்சியிற் குறைபாடுள்ள பிள்ளைகளையும் முகாமில் மற்றவர்களோடு சேர்க்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். நம்பிக்கை எனப் பொருள்படும் திக்வா என்பது அதன் பெயர். ஏனைய பிள்ளைகள் பயப்படுவார்கள், முகாமின் தரம் தாழும் என்று தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. அப்பிள்ளைகள் வளர்ந்தபோது தொழிற்பயிற்சியும் சேர்ந்தது. உணவு மண்டபத்தில் மேசை ஒழுங்கு செய்வதும், விருந்தினர் விடுதியை நடத்த உதவுவதும், அவர்களிற் பலருக்கு வாழ்க்கையிற் கிடைத்த முதலாவது உத்தியோகம். இவர்களை எண்ணும்போது, முகாம் வேலை உத்தியோகமா என்ற கேள்வி சற்றுச் சிறுத்துவிடுகிறது.

பணிப்பாளரின் நிலையையும் பார்ப்போம். இரண்டு மாத வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் அவர் ஊர் ஊராகச் சென்று, ஜெப ஆலயங்களிலும் வீடுகளிலும் பெற்றாரைச் சந்தித்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார். குளிர் காலத்தில் வழிகாட்டிகளைத் தேடுவார். இஸ்ரேலிலிருந்து வரும் இளம் பணியாளரை முன்கூட்டியே தெரிவு செய்ய வேண்டும். நன்கொடையாளரின் வாசலிற் காத்திருப்பார். கோடை வந்தால் உறக்கமில்லை. நாள்தோறும் இணையத்தளத்தில் ஏற்றும் படங்களைப் பார்த்து, "என் மகன் ஏன் சிரிக்கவில்லை?" என்று தொலைபேசியிற் கேட்கும் தாய்மாருக்கு மறுமொழி சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபருக்குப் பின் இஸ்ரேலைப் பற்றிய விவாதம் பெற்றாரிடையிலும் பணியாளரிடையிலும் மூண்டபோது, இரு பக்கத்தாரும் குறை கூறியது அவரையே.

எல்லாவற்றிலும் கொடிய கோடை 2020 ஆம் ஆண்டினுடையது. கொள்ளை நோயினாற் பெரும்பாலான யூதத் தங்கு முகாம்கள் திறக்கப்படவில்லை. சீர்திருத்த யூதரின் ஒன்றியம் தன் முகாம்கள் அனைத்தையும் மூடுவதாக ஏப்ரல் முடிவில் அறிவித்தது. வருமானம் நின்றது, ஆண்டு முழுவதும் பணிபுரிந்தோரிற் சிலரும் வேலையிழந்தனர். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறாது முகாமுக்கே விட்டுக்கொடுத்த பெற்றாரும் இருந்தார்கள். தம் இளமைக்கால முகாம் அழிந்துவிடக் கூடாதென்று பழைய மாணாக்கர் பணம் திரட்டினார்கள்.

சிக்காகோ வீட்டில் வழக்கு இன்னும் தீரவில்லை. தாயின் கவலை வீணானதன்று. வீட்டு வாடகை பாட்டினாற் கட்டப்படுவதில்லை. ஆயினும், எம் அபிப்பிராயத்தை எவரேனும் கேட்டால், இந்த ஒரு கோடை மகளைப் போகவிடச் சொல்வோம். பிரிவுத் தலைவியாய் இருபது வழிகாட்டிகளையும் எண்பது பிள்ளைகளையும் ஒரு தடவை நடத்திப் பார்த்தால், இது தனக்கேற்ற தொழிலா அல்லவா என்பதை அவளே அறிந்துகொள்வாள். அல்லவென்று கண்டால் அடுத்த ஆண்டுக்கும் காரியாலயங்கள் இருக்கும்.

ஓகஸ்ட் மாதக் கடைசியிற் பேருந்துகள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். பிள்ளைகளும் அழுவார்கள், வழிகாட்டிகளும் அழுவார்கள். அவர்கள் போன பின்பு பணிப்பாளரும் இரண்டொரு பணியாளரும் குடில் குடிலாகச் சென்று மெத்தைகளை அடுக்கி, மறந்துவிட்டுப்போன சட்டைகளைப் பெட்டியிற் போட்டு, சன்னல்களை மூடுவார்கள். குளிர் காலத்தில் நீர் உறைந்து குழாய் வெடிக்காதிருக்கத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். அது முடிந்ததும் அவர் காரியாலயத்துக்கு வந்து, வருகிற கோடைக்கு யார் யார் திரும்பி வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்குவார்.